சிலந்தியாம்பட்டை மறுத்த கதை

“முந்நூத்திப் பன்னெண்டு பேரு, நாப்பத்தோரு எருமை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாரியம்மன் கோயிலு, ஒரு பாலம். அத்தனையும் நான் பெத்தது. சட்டசபைக்குள்ள, நின்னுக்கிட்டே, பதினேழு நிமிஷத்துல. டாக்டரும் இல்ல, மருத்துவச்சியும் இல்ல.”

பாலத்தடி டீக்கடையில் தில்லைக்கரசி இப்படித்தான் ஆரம்பிப்பாள். புதிதாக வந்தவர்கள் டீயைச் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள். ஒரு முட்டை வியாபாரி அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் சைக்கிளோடு ஆற்றில் விழுந்தார் என்றும், முட்டை ஒன்றுகூட உடையவில்லை என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். “ஆமாங்க, எனக்கு அப்ப வயசு அறுபத்தி நாலு. அன்னிக்குத்தான் பொறந்தேன்” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர் சாட்சி சொல்வார்.

சட்டசபையில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். இன்று கேட்டால் தலையைச் சொறிவார்களே தவிர இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நடக்கவே இல்லை என்று எழுத்திலேயே மறுத்தவர் ஒரே ஒருவர்தான். காரியத்தைச் செய்தவரும் அவர்தான்.

அவர் பெயர் வேதகிரி. மாநிலத்தின் அரசு தலைமை வழக்கறிஞர்.

அது 2068ஆம் வருஷம். அதுவரை அரசாங்கம் கோர்ட்டில் சொல்வதெல்லாம் சொல்லோடு நின்றுகொண்டிருந்தது. “நாலு வாரத்தில் செய்கிறோம்” என்று அரசு வக்கீல் சொல்வார். நாலு வாரம் நாலு வருஷமாகும். மனு போட்டவர் செத்து, அவர் பிள்ளை மனு போட்டு, பிள்ளைக்கும் தலை நரைக்கும். நீதிபதிகளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நீதிபதி கோபத்தில் சுத்தியலால் தட்டியதில் மேஜை பிளந்து, கீழ்த்தளத்தில் இருந்த டைப்பிஸ்ட் தலையில் விழுந்தது என்பார்கள். கடைசியில் வாக்குப்பொறி வந்தது.

விஷயம் எளிது. அரசு தலைமை வழக்கறிஞர் அரசின் சார்பில் எதைச் சொன்னாலும் பொறி கேட்டுக்கொண்டிருக்கும். பதினோரு விநாடிக்குள் எல்லாத் துறைக் கம்ப்யூட்டர்களிலும் சொன்னது சொன்னபடி ஏறிவிடும். “அந்தத் தெருவுக்கு விளக்குப் போடுகிறோம்” என்று திங்கட்கிழமை வேதகிரி சொன்னார். அவர் உட்கார்வதற்குள் மின்வாரிய லாரி கிளம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு சாக்கடை. நாற்பது வருஷத்து அடைப்பு ஒரே வாக்கியத்தில் போயிற்று. ஊரெங்கும் பட்டாசு.

புதன்கிழமை சிலந்தியாம்பட்டு வழக்கு வந்தது. கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி நாள்.

வியாழக்கிழமை காலையில் தில்லைக்கரசிக்குப் போன் வந்தபோது அவள் எம்.எல்.ஏ. விடுதியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேலாற்றூர் தொகுதி, ஆளுங்கட்சி. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. மைக்குக்குத்தான் அவள் குரல் தேவை என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள்.

“அக்கா, நாங்க இல்லியாம்.”

“யாரு பேசறது? எங்க இல்லியாம்?”

“பூங்காவனம்க்கா. சிலந்தியாம்பட்டு. பாலம் கேட்டு கேஸு போட்டேனே. எங்கியுமே இல்லியாம்க்கா. ஊரே இல்லியாம்.”

மிச்சத்தைப் பூங்காவனம் அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னாள். முந்தின நாள் மதியம் ஊரில் கரண்ட் போயிற்று. பதினாலாம் நம்பர் பஸ் ஆற்றுக்கு அக்கரையில் ஊர்க்காரர்கள் ஏறுகிற இடத்தில் நிற்கவே இல்லை. அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். ரேஷன் அட்டையை வைத்தால் கருவி ‘கிராமம் இல்லை’ என்கிறது. வாத்தியாருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது. அவள் புருஷன் எத்திராஜுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். இன்று விடியற்காலை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் “அப்படி ஒரு இடம் இல்லைங்களே” என்று வைத்துவிட்டார்கள். ஆற்றைக் கட்டிலில் தூக்கிக் கடந்து தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால், மிஷின் அட்டையைத் துப்பிற்று. தனியார் ஆஸ்பத்திரியிலும் அதே அட்டைதான், அதே துப்பல்தான்.

“இன்னிக்குத் தப்பிப்போச்சு. திங்கட்கிழமையும் தப்பினா தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாருக்கா. அவரு நல்லவரு. மிஷின் விட மாட்டேங்குதே, நான் என்ன பண்றதுன்னு கையைப் பிசையறாரு.”

தில்லைக்கரசி இட்லியை அப்படியே வைத்துவிட்டுத் தலைமைச் செயலகத்துக்குப் போனாள். சட்டத்துறைச் செயலாளர் இருதயராஜ் பதவிசான மனிதர். நாற்காலியில் உட்காரும்போதுகூட நாற்காலியிடம் அனுமதி கேட்பவர்போல உட்காருவார்.

“மேடம், தப்பு யார் மேலயும் இல்ல. அரசு தலைமை வழக்கறிஞர் வழக்கமா சொல்றதத்தான் சொன்னார்.”

“என்ன சொன்னார்?”

“‘மனுவில் கூறப்பட்ட அனைத்தையும் அரசு மறுக்கிறது.’ எல்லா வழக்குலயும் முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மேல பேசுவாங்க. தாத்தா காலத்துலருந்து வர்ற பழக்கம். எதையாவது மறுக்காம விட்டா ஒப்புக்கிட்டதா ஆயிடும் பாருங்க. அதனால மொத்தமா மறுத்துடறது.”

“சரி. மனுவுல என்ன இருந்தது?”

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதல் பத்தியில, ‘நான் சிலந்தியாம்பட்டு என்னும் கிராமத்தில் வசிக்கிறேன். அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்கிறோம்’னு இருந்தது.”

“அதையும் மறுத்துட்டாரா?”

“எல்லாத்தையும்தான். முன்னெல்லாம் யாரும் கண்டுக்க மாட்டாங்க. இப்ப பொறி கேட்டுக்கிட்டு இருந்தது.”

“யோவ்!” என்று தில்லைக்கரசி போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடியில் புறாக்கள் பறந்தன. “பொறியை நிறுத்து. பழையபடி எழுது.”

“முடியாது மேடம். அவர் சொன்னதை அவரே திரும்பப் பெறணும். வேற யார் மாத்தினாலும் செல்லாது. அதுக்காகத்தானே பொறியே செஞ்சது, அதிகாரிங்க இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு.”

“அவரையே திரும்பப் பெறச் சொல்லு.”

“அதுல ஒரு சிக்கல். ஒரு வாக்கியம் ஒரு முடிச்சு. பாதி அவுக்க முடியாது. ஊர் இருக்குன்னு சொல்லணும்னா அந்த வாக்கியத்தையே வாபஸ் வாங்கணும். வாங்கினா, மனுவுல இருக்கிற மத்ததையும் அரசு ஒப்புக்கிட்டதா ஆகும். பாலம் கட்டாதது அரசோட தப்புங்கறது வரைக்கும். அவர் சர்வீஸ்ல முப்பத்தினாலு வருஷமா எதையுமே ஒப்புக்கிட்டதில்ல மேடம்.”

“கோர்ட்டுக்குப் போவோம்.”

“விடுமுறை. ஜூன்லதான் திறக்கும்.”

“அவசர வழக்குன்னு எதாவது?”

“போடலாம். மனுதாரர் விலாசம் வேணும்.” இருதயராஜ் மெல்லிய குரலில் முடித்தார். “இல்லாத ஊருக்கு விலாசம் ஏது?”

வெள்ளிக்கிழமை தில்லைக்கரசி சட்டசபையில் எழுந்தாள். கட்சிக் கொறடா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. “ஆளுங்கட்சிம்மா நாம! நம்ம வக்கீலும்மா அவரு!” என்றார்.

“இல்லாத ஊருல எனக்கு ஓட்டுப் போட்ட இருநூத்தி நாப்பது பேருக்கு நீ பதில் சொல்றியா? இல்லல்ல? விடு.”

பேரவைத் தலைவர் சாந்தலிங்கம் சட்டப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று பெயர் எடுத்தவர். அவர் கையை உயர்த்தினார். “உறுப்பினர் குறிப்பிடும் விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. இங்கே விவாதிக்க முடியாது.”

“தலைவர் அவர்களே, யாரு போட்ட வழக்கு நிலுவையில இருக்கு?”

“பூங்காவனம் என்பவர்...”

“அப்படி ஒருத்தி இல்லைன்னு அரசாங்கமே சொல்லுது. இல்லாதவ போட்ட வழக்கு எப்படி இருக்கும்? இருக்குன்னா அவளும் இருக்கா. எது? சீக்கிரம் சொல்லுங்க, பஸ்ஸு கெளம்பப்போவுது.”

சபை மேஜையைத் தட்டிற்று. எதிர்க்கட்சியும் தட்டிற்று, ஆளுங்கட்சியும் தட்டிற்று. ஏனென்றால் எல்லார் வயிற்றிலும் ஒரே எரிச்சல். அஞ்சு வருஷம் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு தெருக்குழாய்க்கு வாஷர் வராது. ஓட்டு வாங்காத ஒரு வக்கீல் கனைத்தால் சாக்கடை திறக்கிறது. இதை எந்த உறுப்பினர் தாங்குவார்? ஒருவர், தன் தொகுதியில் இருபத்தேழு தடவை கேட்ட பள்ளிக் கட்டடத்துக்கு வேதகிரி பேச்சுவாக்கில் அடிக்கல் நாட்டிவிட்டார் என்றும், அந்த விழாவுக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்றும் அழுதார். இன்னொருவர், “நாங்கள் சட்டம் இயற்றுகிறோம், அவர் வாய் திறக்கிறார். எது மேல்?” என்றார். தில்லைக்கரசி அரசு தலைமை வழக்கறிஞரின் வார்த்தைகளைக் கிழித்த கிழியில், மாடத்தில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர்களின் பேனாக்களில் மை தீர்ந்தது.

தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. திட்டியதோடு சபை மதியச் சாப்பாட்டுக்குப் போயிற்று. அந்த எரிச்சலில் தில்லைக்கரசிக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வேதகிரி வீட்டுக்கே போனாள். வாசலில் பவழமல்லி, உள்ளே சுவர் முழுக்கச் சட்டப்புத்தகம். வேதகிரி வெள்ளை வேட்டி சட்டையில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காமேஸ்வரி காபி கொண்டுவந்து வைத்தார்.

“காபியில சர்க்கரை போட மறந்துட்டேன்னு நெனைக்கிறேன்” என்றார் காமேஸ்வரி.

“மறுக்கிறேன்” என்று வேதகிரி குடித்தார். முகம் கோணிற்று. “மறுக்கிறேன்.”

காமேஸ்வரி தில்லைக்கரசியைப் பார்த்தார். “முப்பத்தோரு வருஷம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் மழை பெய்யுதுன்னுகூட ஒப்புக்கிட்டது கிடையாது. நனைஞ்சுக்கிட்டே மறுப்பார்.”

தில்லைக்கரசி நேரே விஷயத்துக்கு வந்தாள். “ஐயா, என் தொகுதி ஆளு ஒருத்தர் உயிரு உங்க வாயில இருக்கு. திங்கட்கிழமை வரைக்கும்தான் தாங்கும்.”

வேதகிரியின் முகம் ஒரு கணம் மாறிற்று. உடனே பழையபடி ஆயிற்று. “அம்மா, நான் தனி மனிதனாகப் பேசுவதில்லை. அரசுக்காகப் பேசுகிறேன். ஆறாயிரம் வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஒன்றில் ஒப்புக்கொண்டால் ஆறாயிரத்திலும் கேட்பார்கள்.”

“ஒரு ஊரையே அழிச்சிட்டீங்களே!”

“மறுக்கிறேன்.”

“ஊரு இல்லைன்னு சொன்னீங்க.”

“அதையும் மறுக்கிறேன்.”

“நேத்து நாங்க சபையில உங்களைத் திட்டினது?”

“அத்தனையும் மறுக்கிறேன். சபைக்கே வந்து மறுப்பேன். அரசியல் சாசனப்படி அங்கே பேச எனக்கு உரிமை உண்டு. ஓட்டுத்தான் கிடையாது.” அவர் காது சிவந்திருந்தது. பத்திரிகையில் வந்தது நன்றாகச் சுட்டிருக்கிறது.

தில்லைக்கரசி எழுந்து வாசலுக்கு வந்தாள். செருப்பில் கால் நுழைக்கப் போனவள் அப்படியே நின்றாள். ஒற்றைக் காலில், கொக்குபோல, வெகுநேரம் நின்றாள். காமேஸ்வரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“பொறி சட்டசபையிலயும் கேக்குமா அம்மா?”

“வீட்டுல கேக்காது. கோர்ட்டோ சபையோ, அரசுக்காக எழுந்து பேசினா கேக்கும்னுதான் சொன்னாங்க.”

“நல்லது” என்று தில்லைக்கரசி சிரித்தாள். வியாழக்கிழமைக்கப்புறம் முதல் தடவையாக.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் விடுதிக்கு வந்தாள். எத்திராஜை அக்கரையில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். “கால் வீங்கிப் போச்சுக்கா. மூச்சு வாங்குது” என்றாள். தில்லைக்கரசி ஒரு நோட்டை விரித்தாள்.

“அழாத. உங்க ஊருல என்னென்ன இல்ல? வரிசையா சொல்லு.”

“எல்லாமேதான் இல்லக்கா.”

“ஒவ்வொண்ணா சொல்லுடி. நாளைக்கு நான் சபையில அந்த ஆளைத் திட்டப்போறேன். திட்டுல ஒண்ணு விட்டுப்போனா, விட்டது விட்டதுதான்.”

இல்லை என்பதை அவர் மறுத்தால் இருக்கிறது என்றாகிவிடும். பூங்காவனத்துக்கு மெல்லப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் சொன்ன வேகத்துக்குத் தில்லைக்கரசியின் பேனா புகைந்தது. ஊர் இல்லை. பாலம் இல்லை. பஸ் இல்லை. கரண்ட் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. எத்திராஜ் என்று ஒரு நோயாளி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. எருமைக்கு டாக்டர் இல்லை.

“கொசு மட்டும் நெறையா இருக்குக்கா.”

“எழுதிக்கறேன்.”

அங்கேதான் தப்பு. அவசரத்தில் அதைத் திருப்பிப் போட அவளுக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அரசாங்கக் கணக்கில் சிலந்தியாம்பட்டில் ஒரு கொசுகூடக் கிடையாது. மருந்தடிக்க யாரும் வருவதில்லை. அந்த ஊர்க் கொசு ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி அளவு இருக்கும். இரண்டு சேர்ந்தால் ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பார்வையாளர் மாடத்தில் பூங்காவனம். தாலுகா ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோவுக்குள், எத்திராஜ். அவர் பக்கத்தில் தங்கை, கையில் போனோடு. சபையின் முன்வரிசையில் கறுப்பு அங்கியில் வேதகிரி. அந்தச் சபையில் ஒரு அரசு தலைமை வழக்கறிஞர் வந்து உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க அமைச்சர்களே நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

தில்லைக்கரசி எழுந்தாள். “சிலந்தியாம்பட்டு என்று ஓர் ஊர்...”

“உறுப்பினர் சற்று நிறுத்தவும்” என்றார் பேரவைத் தலைவர். “அரசு தலைமை வழக்கறிஞர் அவையில் இருப்பதால் பொறி பதிவு செய்கிறது. விதிப்படி முதலில் உங்கள் பெயரையும் தொகுதியையும் சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.”

தில்லைக்கரசி குனிந்து நோட்டைப் பார்த்தாள்.

நோட்டில் அது இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். வாயிலிருந்து வருகிற எல்லாவற்றையும் அந்த மனுஷர் மறுக்கப்போகிறார். முதல் வரியில் அவள் பெயர் இருந்தால், மறுப்பில் முதலில் போகப்போவதும் அதுதான்.

“தலைவர் அவர்களே, என்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. இன்னாத்துக்கு அது?”

“விதி, அம்மா.”

“ஒரு தடவை விட்டுடுங்களேன்.”

“விதியை எப்படி விடுவது? சொல்லாவிட்டால் அடுத்த உறுப்பினரை அழைப்பேன்.”

அவள் மாடத்தைப் பார்த்தாள். பூங்காவனத்துக்கு விதியும் தெரியாது, சிக்கலும் தெரியாது. பேசுக்கா, பேசு என்று கையை மட்டும் ஆட்டினாள். காதில் போன். ஆட்டோவுக்குள் மூச்சு வாங்குகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

நாலு தேர்தலில் தோற்று ஐந்தாவதில் ஜெயித்த தொகுதி. தில்லைக்கரசி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஏன்யா, ஒரு மனுஷிய நிம்மதியா திட்டக்கூட விட மாட்டீங்களா?” என்று முணுமுணுத்தாள். அப்புறம் குரலை ஏற்றினாள்.

“என் பெயர் தில்லைக்கரசி. மேலாற்றூர் தொகுதி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த அவையின் உறுப்பினர்.”

அதற்கு மேல் பதினேழு நிமிஷம் அவள் நிறுத்தவே இல்லை. சிலந்தியாம்பட்டு என்று ஓர் ஊர் இல்லை என்றாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர் இல்லை, இவர் இல்லை என்றாள். எருமைகளையும் விடவில்லை. நடுநடுவே, வேதகிரி சட்டம் படித்த காலேஜில் கூரை இருந்ததா, வாத்தியார் இருந்தாரா, அவர் வாயை அடகு வைத்தால் யாராவது கால் காசு தருவார்களா என்றெல்லாம் கேட்டாள். அவர் காது சிவந்து, கன்னம் சிவந்து, வழுக்கைவரை சிவப்பு ஏறிற்று. அந்தச் சூட்டில் மேலே ஓடிய மின்விசிறியின் இறக்கை வளைந்தது என்று இன்றைக்கும் அவள் சத்தியம் செய்கிறாள்.

கடைசியில் உட்கார்ந்தாள். வேதகிரி எழுந்தார். அங்கியைச் சரிசெய்துகொண்டார். கையில் இருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்தார். மாடத்தை ஒரு தடவை பார்த்தார். காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

“இப்போது பேசியவர் சொன்ன முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை, அனைத்தையும் அரசின் சார்பில் மறுக்கிறேன்.”

ஒன்று, இரண்டு, மூன்று என்று தில்லைக்கரசி விரல்விட்டாள்.

பதினோராவது விநாடியில் அவள் மேஜையில் மைக் விளக்கு அணைந்தது. பெயர்ப் பலகை வெறும் பலகையாயிற்று. அதே சமயம் மாடத்தில் ஒரு அலறல். “அக்கா! மிஷின் அட்டையை எடுத்துக்கிச்சாம்! உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்களாம்! ஊருல கரண்டு வந்துடுச்சாம்க்கா!”

அவைக்காவலர் ஒருவர் தில்லைக்கரசியிடம் வந்தார். தினமும் அவளுக்கு வணக்கம் வைக்கிறவர். கையிலிருந்த கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பக் கருவியைப் பார்த்தார். “அம்மா... உறுப்பினர் இடத்துல உக்காந்திருக்கீங்க. பார்வையாளர் பாஸ் இருக்குதுங்களா?”

“இல்லப்பா. இப்பத்தான் எறங்கச் சொன்னாங்க” என்று அவள் எழுந்தாள்.

ஒரு வாரத்தில் நெடுஞ்சாலைத் துறை இன்ஜினீயர், கணக்கில் இருக்கிற பாலத்தை ஆய்வு செய்ய வந்தார். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓடுவதைப் பார்த்து ஜீப்பிலேயே மயங்கினார். அரசின் வாக்கு பொய்யானால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. நாற்பதே நாளில் கட்டினார்கள். அவசரத்தில் பெயர்ப்பலகையை முதலில் நட்டுவிட்டு அப்புறம் தூண் நட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, பாதை, எருமை டாக்டர், எல்லாம் அதே ஓட்டத்தில் வந்தன.

தில்லைக்கரசிதான் எங்கேயும் இல்லாமல் போனாள். விடுதி அறை பூட்டிக்கொண்டது. ஓட்டு இல்லை, ரேஷன் இல்லை, பத்தொன்பது வருஷக் கண்டக்டர் வேலைக்குப் பென்ஷன் இல்லை. கட்சி ஆபீசில், “நீங்க யாரும்மா?” என்று கேட்ட ஆள், அவள் ஒரு காலத்தில் வேலை வாங்கிக்கொடுத்த ஆள். அவளைச் சிலந்தியாம்பட்டு கூட்டிக்கொண்டு போயிற்று. பூங்காவனம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. எத்திராஜ் வாரம் இரண்டு தடவை பாலத்தைத் தாண்டிப் போய்வருகிறார். திரும்பி வரும்போது அவளுக்குப் பேப்பர் வாங்கிவருவார்.

மாதம் ஒரு கடிதம் வேதகிரிக்குப் போட்டாள். ‘நான் உறுப்பினராக இருந்தேன், அந்த நாள் நடந்தது என்று ஒரு வரி சொல்லுங்கள். சொன்னால் எனக்கு என் பேராவது திரும்பக் கிடைக்கும்.’ மூன்று வருஷத்தில் முப்பத்தாறு கடிதம். முப்பத்தாறு பதில். ‘கடிதத்தில் கண்டவை அனைத்தும் மறுக்கப்படுகின்றன. அப்படி எதுவும் நடக்கவில்லை.’ ஒவ்வொரு பதில் வந்த நாளும் அவள் அவரைத் திட்டிய திட்டில் ஆற்று மீன்கள் ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றன.

மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு காலை, முதல் பஸ்ஸிலிருந்து ஒரு வயசான மனிதர் இறங்கினார். கறுப்பு அங்கி இல்லாததால் முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பாலத்தின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டு டீக்கடைக்கு வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நேற்றோடு எனக்குப் பதவி முடிந்தது” என்றார் வேதகிரி.

“அதுக்கு நான் என்ன, மாலை போடணுமா? முப்பத்தாறு கடிதாசி, ஐயா! ஒரு வரி! ஒரே ஒரு வரி! உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நான் அன்று மறுத்தது எத்தனை வாக்கியம், அம்மா?”

“ஒண்ணு.”

“ஒரு வாக்கியம் ஒரு முடிச்சு. நீங்கள் உறுப்பினர்தான் என்று நான் பதவியிலிருந்துகொண்டு ஒரு தடவை சொல்லியிருந்தால், அந்த வாக்கியம் முழுக்க அவிழ்ந்திருக்கும். உங்களுக்கு உங்கள் நாற்காலி வந்திருக்கும்.” அவர் டீக்கடைக்கு அப்பால் பார்த்தார். எத்திராஜ் தோளில் துண்டோடு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். “இவர் போயிருப்பார்.”

தில்லைக்கரசியிடம் திட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரச் சரக்கு இருந்தது. அதை அவள் அப்படியே மூட்டை கட்டி வைத்தாள். மூன்று வருஷமாக ஊரைக் காவல் காத்துக்கொண்டிருந்தவை அந்தப் பாழாய்ப்போன பதில்கள்தான் என்பது அவளுக்கு ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வீட்டுல அம்மாகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லை. யாராவது எங்கேயாவது எழுதிவைத்து, அது பொறியின் காதுக்குப் போய்விட்டால்? பதவி போகட்டும் என்று காத்திருந்தேன். இனி நான் என்ன சொன்னாலும் அது கேட்காது.”

“அப்ப அன்னிக்குச் சபையில, தெரிஞ்சேதான் மறுத்தீங்களா?”

“அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.”

“அட போய்யா!” அவள் பெஞ்சை ஓங்கித் தட்டினாள். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. பஸ்ஸில் புதிதாக வந்து இறங்கிய ரெண்டு பேரும் பார்த்தார்கள். “இங்க இத்தினி பேரு இருக்காங்க. நான் இருந்தேனா, இல்லியா? அது நடந்ததா, இல்லியா? மனுஷனா ஒரு தடவை வாயைத் தொறந்து சொல்லு.”

வேதகிரி எழுந்து நின்றார். பழக்கத்தில் கை அங்கியைத் தேடிற்று. கிடைக்காமல் சட்டைப் பொத்தானைத் தடவிற்று. முப்பத்தேழு வருஷமாக வராத வார்த்தை. வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

“நடந்தது” என்றார். “ஒப்புக்கொள்கிறேன்.”